கடற்குதிரைக்கும் உண்டு கடப்பிதழ்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடப்பிதழ் இல்லாமல் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போக முடியாது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், சீன மருந்துக் கடையில் கண்ணாடிச் சாடிக்குள் காய்ந்து கிடக்கிறதே கடற்குதிரை, அதுவும் ஓர் எல்லையைக் கடந்து வந்திருந்தால் அதற்கும் அப்படியொரு தாள் இருந்திருக்க வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தாளின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அனுமதி, பெர்மிட், லைசென்ஸ் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது முகப்பும் முத்திரையும் கட்டணமும்தான். ஆனால் இந்த அனுமதி வேறு வகை. இது முதலில் ஒரு கேள்வி. பிறகுதான் ஒரு தாள். அந்தக் கேள்விக்கு நாடுகள் எப்படிப் பதில் சொல்லின, பதில் சொல்ல முடியாதபோது என்ன செய்தன என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

தாள் பிறந்த கதை

1960-களில் விமானப் போக்குவரத்து பெருகியது. அதோடு சேர்ந்து சிறுத்தைத் தோல், முதலைத் தோல், யானைத் தந்தம், ஆமை ஓடு ஆகியவற்றின் வணிகமும் பெருகியது. ஒரு நாடு தன் காட்டில் காவல் போட்டாலும், பொருள் எல்லையைத் தாண்டிவிட்டால் அதைக் கேட்பாரில்லை. வாங்கும் நாட்டுச் சட்டத்துக்கும் விற்கும் நாட்டுச் சட்டத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருந்தது.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1963-ஆம் ஆண்டில் தீர்மானம் போட்டது. பத்து ஆண்டுகள் பேசி, 1973 மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் 80 நாடுகளின் பேராளர்கள் ஓர் ஒப்பந்தத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டனர். அதுவே சைட்டிஸ் ஒப்பந்தம். 1975 ஜூலை 1-ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. மார்ச் 3-ஆம் நாள் இன்று உலக வனவுயிர் நாளாகக் கொண்டாடப்படுவதற்கும் இதுதான் காரணம்.

சைட்டிஸ் என்றால் 'எதையும் விற்காதே' என்று பொருள் அல்ல. அது உயிரினங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. முதல் பட்டியலில் இருப்பவை அழிவின் விளிம்பில் நிற்பவை. காட்டிலோ கடலிலோ பிடித்த அவற்றை வணிகத்துக்காக எல்லை கடத்தவே கூடாது. இரண்டாம் பட்டியலில் இருப்பவற்றை விற்கலாம். ஆனால் கணக்கோடும் கட்டுப்பாட்டோடும் விற்க வேண்டும். மூன்றாம் பட்டியல், ஒரு குறிப்பிட்ட நாடு 'என் நாட்டு இனத்தைக் காக்க உதவுங்கள்' என்று மற்ற நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் பட்டியல். இன்று பட்டியல்களில் இருக்கும் 40,000-க்கும் மேற்பட்ட இனங்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவையே. ஆகவே இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி தடை அல்ல, அனுமதிதான்.

நம் இரு நாடுகள்

மலேசியா 1977-ஆம் ஆண்டில் இதில் இணைந்தது. ஆயினும் நீண்ட காலத்துக்கு இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. சுங்கம், மீன்வளம், வனவிலங்கு எனப் பல சட்டங்களைக் கொண்டு சமாளித்தோம். 2008-ஆம் ஆண்டில்தான் அழிந்துவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டம் நிறைவேறியது. 2010 டிசம்பர் 28-ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. பட்டியலில் உள்ள ஒரு விலங்கை அனுமதியின்றி ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்யும் தனிநபருக்கு, விலங்கு ஒன்றுக்கு 100,000 ரிங்கிட் வரை, மொத்தத்தில் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்போகாமல் அபராதம் விதிக்கலாம். 7 ஆண்டு வரை சிறையும் உண்டு என்று அச்சட்டம் சொன்னது.

சிங்கப்பூரின் கதை வேறு. பலரின் சரக்கும் வந்து இறங்கி மறுபடி கப்பலேறும் துறைமுகம் அது. ஒப்பந்தத்துக்கு வெளியே நின்ற காலத்தில், மற்ற நாடுகளில் தடுக்கப்பட்ட பொருள்களுக்கு அது வசதியான வழியாக இருந்தது. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்கா சிங்கப்பூரிலிருந்து வரும் வனவுயிர்ப் பொருள்களுக்குத் தடை போட்டது. அதே ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1989-இல் தனிச் சட்டம் வந்தது. 2006-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

கடலுக்கு வந்த சட்டம்

காட்டு விலங்குக்காகப் பிறந்த சட்டம் கடலுக்குள் இறங்க வெகுகாலம் ஆயிற்று. ஆமையும் திமிங்கிலமும் முதலில் இடம்பெற்றன. அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. 'இந்த இனத்துக்கு மட்டும் நான் கட்டுப்பட மாட்டேன்' என்று ஒரு நாடு விலக்குக் கேட்க ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. 1980-ஆம் ஆண்டில் சேர்ந்த ஜப்பான், அழுங்காமைக்கு அப்படி விலக்கு வாங்கிக்கொண்டது. அந்த ஆமையின் ஓட்டைச் செதுக்கிச் சீப்பும் அணிகலனும் செய்யும் பழைய கைத்தொழில் அங்கே இருந்ததுதான் காரணம். உலக நெருக்குதலுக்குப் பிறகு 1994-இல்தான் ஜப்பான் அந்த விலக்கைக் கைவிட்டது.

மீனுக்கு வரும்போது சண்டை இன்னும் பெரிதாயிற்று. 'மீன் என்பது உணவு. அது மீன்வளத் துறைகளின் பொறுப்பு. வனவிலங்குச் சட்டத்துக்கு இங்கே என்ன வேலை?' என்று பல நாடுகள் கேட்டன. சில அரிய மீன்கள் முன்பே பட்டியலில் இருந்தன என்றாலும், பல நாட்டு மீனவர்கள் பிடித்து விற்கும் கடல்மீன்கள் பக்கம் சைட்டிஸ் போகத் தயங்கியது. அந்தத் தயக்கம் உடைந்தது 2002 நவம்பரில், சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் நடந்த மாநாட்டில். திமிங்கிலச் சுறாவும் மேய்ச்சல் சுறாவும் இரண்டாம் பட்டியலில் ஏறின. அவற்றோடு ஏறியதுதான் விரல் நீளமே உள்ள கடற்குதிரை.

சுறாவுக்குக் கதவைத் திறந்த மாநாட்டில் கடற்குதிரைக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம்.

குதிரை முகம், மீன் உடல்

கடற்குதிரை மீன் இனத்தைச் சேர்ந்தது. 40-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வேகமாக நீந்தத் தெரியாது. வாலால் ஒரு கடற்புல்லைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். பல வகைகள் ஒரே துணையோடு வாழ்கின்றன. இன்னொரு வியப்பு, முட்டையைச் சுமப்பது ஆண். பெண் இடும் முட்டைகளைத் தன் வயிற்றுப் பையில் வாங்கி, குஞ்சு வெளிவரும் வரை சுமப்பது தந்தைதான். இப்படிப்பட்ட உயிரைப் பிடிப்பது சுலபம். பிடித்த இடத்தில் மறுபடி பெருகுவது கடினம்.

சீன மருத்துவத்தில் ஆஸ்துமாவுக்கும் ஆண்மைக் குறைவுக்கும் இதைக் கொடுப்பது நூற்றாண்டுகள் பழைமையான வழக்கம். அதை ஏளனம் செய்வது நம் நோக்கம் அல்ல. சீனாவின் பொருளாதாரம் வளர்ந்து, 1980-களிலிருந்து வாங்கும் சக்தி கூடியபோது, கடற்குதிரைக்கான தேவையும் கிடுகிடுவென ஏறியது என்பதே இங்கு முக்கியம்.

கனடாவில் பணிபுரியும் கடலுயிரியல் அறிஞர் அமண்டா வின்சென்ட் 1996-இல் வெளியிட்ட ஆய்வறிக்கைதான் உலகத்தின் கண்ணைத் திறந்தது. 1995-ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 2 கோடி கடற்குதிரைகள் கைமாறின என்றும், 30-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இவ்வணிகத்தில் பங்கு உண்டு என்றும் அது காட்டியது. அதுவரை இதை யாரும் ஒழுங்காக எண்ணியதே இல்லை. எண்ணாத பொருள் குறைவது எப்படித் தெரியும்?

அதனால்தான் சாந்தியாகோவில் எல்லாக் கடற்குதிரை வகைகளையும் ஒன்றாக இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். நாடுகள் ஆயத்தமாவதற்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். 2004 மே 15-ஆம் நாளிலிருந்து கடற்குதிரைக்குக் கடப்பிதழ் கட்டாயமாயிற்று.

தாளில் இருக்கும் கேள்வி

இந்த அனுமதியை எப்படிப் பெறுவது? ஏற்றுமதி செய்பவர் தம் நாட்டின் நிர்வாக அதிகார அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். இனத்தின் அறிவியல் பெயர், எண்ணிக்கை அல்லது எடை, நோக்கம், பொருள் கிடைத்த வழி எல்லாம் தாளில் இருக்க வேண்டும். கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்பதற்குத் தனித்தனி எழுத்துக் குறி உண்டு. சரக்கு கிளம்பும் முன்பே தாள் கையில் இருக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்கு மேல் அது செல்லாது. சிங்கப்பூர் போன்ற இடத்தில் இறங்கி வேறு நாட்டுக்குப் போகும் சரக்குக்கு, முதல் தாளின் எண்ணைக் குறிப்பிட்டு மறு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இறக்குமதிக்கும் நம் சட்டம் தனி அனுமதி கேட்கிறது.

இவையெல்லாம் எழுத்தர் வேலை. உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தாளில் கையெழுத்து விழும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, இது சட்டப்படி பிடிக்கப்பட்டதா? இரண்டு, இவ்வளவு எடுத்தால் கடலில் இந்த இனத்துக்குக் கேடு வராது என்று சொல்ல முடியுமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதிகாரி அல்லர்; அறிவியல் ஆலோசனை கூற நியமிக்கப்பட்ட அமைப்பு. அது 'கேடு இல்லை' என்று சொல்லாவிட்டால் அனுமதி கிடையாது.

படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டில் யானையை எண்ணுவது போலக் கடலடியில் கடற்குதிரையை எண்ண முடியுமா? சிரமம் என்பதால் நிபுணர்கள் ஓர் எளிய வழியைப் பரிந்துரைத்தார்கள். தலையின் முடியிலிருந்து நீட்டிய வாலின் நுனி வரை 10 சென்டிமீட்டருக்குக் குறைவானதை ஏற்றுமதி செய்யாதீர்கள் என்றார்கள். பெரும்பாலான வகைகள் அந்த அளவை எட்டும் முன் ஒரு முறையாவது குஞ்சு பொரித்திருக்கும் என்பது கணக்கு.

நல்ல யோசனைதான். ஆனால் நாம் புக்காட் துண்டா என்று சொல்கிறோமே, அந்த இழுவை வலைக்கு அளவுகோல் தெரியுமா? இறாலுக்காகப் போட்ட வலை கடலடியை வழித்துக்கொண்டு வரும். அதில் பெரியதும் சிறியதும் சேர்ந்தே சிக்கும். மேலே வரும்போது பெரும்பாலும் செத்திருக்கும். 21 நாடுகளின் தகவல்களை வைத்து 2017-இல் வெளியான ஒரு கணிப்பு, ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 70 லட்சம் கடற்குதிரைகள் இப்படி வேண்டாத மீனாக வலையில் மாட்டுகின்றன என்று சொன்னது. கடற்குதிரையைத் தேடிப் போய்ப் பிடிப்பவர் சிலர்தான். தேடாமலே அள்ளி வருபவர்கள்தான் அதிகம்.

கதவைச் சாத்திய நாடுகள்

இந்த இடத்தில்தான் வரலாறு ஒரு திருப்பம் எடுக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நாடுகள் கதவையே சாத்தின.

இந்தியா இதை முன்னதாகவே செய்தது. 2001 ஜூலையில், யானைக்கும் புலிக்கும் உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பைக் கடற்குதிரைக்கும் கொடுத்தது. கடல் அட்டைக்கும் அதே காலத்தில் தடை வந்தது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் சங்கு குளித்தும் அட்டை எடுத்தும் வாழ்ந்த ராமநாதபுரம் கரையோர மக்களுக்கு அது பெரிய அடி. கடற்குதிரை அவர்களுக்குக் கைச்செலவுக்கு உதவும் பொருளாக இருந்தது. அங்கு காய வைத்தவை சிங்கப்பூர், ஹாங்காங் சந்தைகள் வரை வந்தன. ஒரே அறிவிப்பில் அந்தப் பிழைப்பு குற்றமாயிற்று. ஆனால் இழுவை வலை நிற்கவில்லை. முன்பு விற்கப்பட்ட கடற்குதிரை, பிறகு ஒளித்து விற்கப்பட்டது. கடத்தலில் பிடிபட்ட செய்திகள் இன்று வரை தமிழகக் கரையிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன.

தாய்லாந்து வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. உலகிலேயே மிக அதிகமாகக் காய்ந்த கடற்குதிரையை அனுமதியோடு ஏற்றுமதி செய்த நாடு அது. 'கேடு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று சைட்டிஸ் குழுக்கள் விடாமல் கேட்டன. ஆய்வுகள் நடந்தன. முடிவில், 2016 ஜனவரியிலிருந்து தாய்லாந்து ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது.

கேட்பதற்கு நல்ல செய்தி போலத் தோன்றுகிறது அல்லவா? ஏற்றுமதி நின்றது, கடற்குதிரை பிழைத்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நடந்தது என்ன? 2016, 2017-ஆம் ஆண்டுகளில் ஹாங்காங் வியாபாரிகளிடம் விசாரித்த ஆய்வாளர்கள் 2019-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அங்கே விற்பனையில் இருந்த காய்ந்த கடற்குதிரைகளில் சுமார் 95 விழுக்காடு, ஏற்றுமதியை நிறுத்தி வைத்திருந்த நாடுகளிலிருந்து வந்தவை!

முன்வாசலை அடைத்தார்கள், சரக்கு கொல்லைப்புறமாகப் போனது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முன்வாசல் வழியாகப் போனபோது, குறையோ நிறையோ, ஒரு கணக்கு இருந்தது. எந்த நாட்டிலிருந்து, எந்த வகை, எத்தனை என்று ஆண்டறிக்கையில் ஏறியது. கொல்லைப்புறம் போனபின் அந்தக் கணக்கும் போயிற்று. 1996-க்கு முன் இருந்த இருட்டுக்குப் பாதி வழி திரும்பிவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்துக்குத் தடை தவிர வேறு மருந்து இல்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாகத் தடை போடுவது, தேர்வுக்குப் படிக்காத மாணவன் பள்ளிக்கு மட்டம் போடுவது போன்றது. தேர்வு எழுதவில்லை; ஆகவே தோல்வியும் பதிவாகவில்லை. அவ்வளவுதான்.

பதில் எங்கே இருக்கிறது?

பதில் அலுவலகத்தில் இல்லை, கரையோரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 1981-ஆம் ஆண்டில் மீன்பிடி மண்டலங்கள் வகுக்கப்பட்டன. கரையிலிருந்து முதல் 5 கடல் மைல் பாரம்பரிய மீனவர்களுக்கே உரியது, இழுவைப் படகுகள் அதற்குள் வரக்கூடாது என்பது அதன் அடிப்படை. சிறு படகுக்காரர்களுக்கும் பெரிய படகுக்காரர்களுக்கும் இடையே நடந்த மோதல்களைத் தணிக்கவே அந்த விதி வந்தது. கடற்குதிரையை யாரும் அப்போது நினைக்கவில்லை. ஆனால் கடற்புல்லும் கடற்குதிரையும் இருப்பது பெரும்பாலும் அந்த ஆழமற்ற கரையோரத்தில்தான். ஏழை மீனவரைக் காக்கும் விதி எதுவோ, அதுவே கடற்குதிரையையும் காக்கிறது. அந்த விதி மதிக்கப்படும் நாட்டின் அறிவியல் குழுவால் 'கேடு இல்லை' என்று ஓரளவு துணிந்து சொல்ல முடியும். மீறப்படும் நாட்டில் எந்த முத்திரையும் பொய் முத்திரைதான்.

அனுமதித் தாளால் ஆகாத காரியமும் உண்டு. ஜொகூரின் சுங்கை பூலாய் முகத்துவாரம் மலேசியாவில் கடற்குதிரைக்குப் பெயர்போன இடம். அதனருகே உள்ள மெராம்போங் கடற்புல் திட்டு தீபகற்பத்திலேயே பெரியவற்றில் ஒன்று. 2014-ஆம் ஆண்டில் அந்தத் திட்டின் மீதே மண் கொட்டி நிலம் உருவாக்கும் பணி தொடங்கியது. கடற்புல்லும் மீன்பிடி இடங்களும் பாழாவதாக மீனவர்களும் ஆர்வலர்களும் குரல் எழுப்பினார்கள். எல்லை கடக்கும் ஒரு கிலோ காய்ந்த கடற்குதிரைக்குத் தாள் கேட்கிறோம். அது வாழும் வீட்டை மண்ணால் மூடுவதற்கு சைட்டிஸ் தாள் தேவையில்லை. வணிகத்தைப் பற்றிய சட்டத்துக்கு வணிகத்தைத்தான் தடுக்கத் தெரியும்.

நாம் செய்யக்கூடியது

சரி, இதில் நமக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, பயணிகளுக்கு. சொந்த உபயோகத்துக்காக எடுத்துச் செல்லும் காய்ந்த கடற்குதிரை ஆளுக்கு 4 வரை இருந்தால் சைட்டிஸ் தாள் தேவையில்லை என்று ஒப்பந்த நாடுகள் ஒத்துக்கொண்டுள்ளன. ராட்சதக் கிளிஞ்சல் ஓட்டுக்கு ஆளுக்கு 3 என்பது அளவு. ஆனால் எந்த நாடும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் ஒன்றைக்கூடத் தொடாமல் இருப்பதே நல்லது. அங்கே அது புலி நகத்துக்குச் சமம்.

இரண்டாவது, வணிகர்களுக்கு. கடல்பொருள் இறக்குமதியில் ஈடுபட்டிருப்பவர்கள் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனிக்க வேண்டும். 2013-இல் சுத்தியல் தலைச் சுறா வகைகள் வந்தன. 2019-இல் சில கடல் அட்டை வகைகள் வந்தன. 2022-இல் மேலும் பல சுறா வகைகள் வந்தன. நேற்று தாளில்லாமல் வந்த சரக்கு இன்று குற்றமாகலாம். தீபகற்பத்தில் மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பின்னால் வழக்கறிஞரிடம் கேட்பதைவிடச் செலவு குறைவு.

மூன்றாவது, வாங்குபவர்களுக்கு. 'இது எங்கிருந்து வந்தது, தாள் இருக்கிறதா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராமல் போகலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால், கடைக்காரர் தம் மொத்த வியாபாரியிடம் கேட்பார். கேள்வி அப்படித்தான் கரையை நோக்கித் திரும்பிப் போகும்.

நேயர்களே, நம் முன்னோர் தாளோடுதான் இந்த மண்ணுக்கு வந்தார்கள். அடையாளச் சீட்டு ஒன்று இல்லாமல் போனதால் பிறந்த மண்ணிலேயே அல்லல்பட்ட குடும்பங்களையும் நாம் அறிவோம். தாளின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் தாள் தானாக யாரையும் காப்பதில்லை. அதன் பின்னால் ஒருவர் உண்மையாகக் கேள்வி கேட்டு, இன்னொருவர் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மனிதனுக்கு மட்டும் அல்ல, ஒரு புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் அந்தச் சின்ன உயிருக்கும் இது பொருந்தும்.